தோற்றால் நட்டம் யாருக்கு?

வளரும் நாடுகளில் ஒரு புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதையும் ஒதுக்குவதையும் எவை தீர்மானிக்கின்றன என்பது கேள்வி. கேட்டவர் ஆய்வு மாணவர். கிராமங்களில் கணக்கெடுப்பு நடத்தவிருக்கிறார். படிப்பு, வயது, வருமானம், கருவி பயனுள்ளது என்ற நம்பிக்கை, பயன்படுத்த எளிது என்ற நம்பிக்கை ஆகிய ஐந்தையும் காரணிகளாக எடுத்துக்கொண்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார். போதாது என்பது என் எண்ணம். ஐந்தும் உண்மையான காரணிகள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்பாகவே, வாய்விட்டோ மனத்துக்குள்ளோ, எல்லாத் திண்ணைகளிலும் வரப்புகளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது: இது சரிப்பட்டு வராமல் போனால் நட்டம் யார் தலையில் விழும்? அதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்றும் உண்டு: இதனால் கூடும் வேலை யாருக்கு, கிடைக்கும் பலன் யாருக்கு? நான் படித்தும் பார்த்தும் அறிந்தவரையில், ஏற்பும் மறுப்பும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகின்றன.

பயன், எளிமை என்ற இரண்டு காரணிகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ‘தொழில்நுட்ப ஏற்பு மாதிரி’யின் இரண்டு தூண்கள் அவை. அலுவலகத்தில் மின்னஞ்சல், எழுத்துத் திருத்தி போன்ற மென்பொருள்களை ஊழியர்கள் ஏன் பயன்படுத்துகிறார்கள், ஏன் தவிர்க்கிறார்கள் என்பதை விளக்கப் பிறந்த மாதிரி அது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் அந்த ஊழியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணினியை வாங்கித் தருவது நிறுவனம், பழுதானால் ஆள் அனுப்புவதும் நிறுவனம், கற்றுக்கொள்ளத் தடுமாறும் நாள்களுக்கும் சம்பளம் வந்துவிடும். ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் நிலைமை வேறு. பணம் கொடுப்பவர் ஒருவர், அந்தக் கருவியோடு மல்லுக்கட்டுபவர் இன்னொருவர், பலனை எடுத்துச் செல்பவர் சில வேளைகளில் மூன்றாமவர், பழுது பார்க்கவோ பக்கத்து நகரத்தில்கூட ஆள் இல்லை. ‘இது உங்களுக்குப் பயனுள்ளதா’ என்று கேட்டால் அந்த ‘உங்களுக்கு’ யாரைக் குறிக்கிறது என்பதே அங்கே தெளிவில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு செம்மை நெல் சாகுபடி. மடகாஸ்கர் தீவில் 1980-களில் ஆன்றி டி லௌலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உருவாக்கிய முறை அது. தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு என்ற பெயரிலும் அறியப்பட்டு, வேளாண்துறையால் பல ஆண்டுகள் முனைப்புடன் பரப்பப்பட்டது. இதற்கு விலை உயர்ந்த எந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதை போட்ட இடத்தில் 2 அல்லது 3 கிலோ போதும். பாய் நாற்றங்காலில் வளர்த்த 14 நாள் நாற்றை, ஒரு குத்துக்கு ஒன்றாக, சதுர வடிவில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். வயலில் தண்ணீரை நிறுத்தி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற கைத்தள்ளு களைக்கருவியை வரிசைகளுக்கிடையே தள்ளி, களையை மண்ணுக்குள் அமுக்க வேண்டும். விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், விளைச்சலோ கூடுதல். காகிதத்தில் பார்த்தால் இதை மறுப்பதற்குக் காரணமே இருக்கக் கூடாது.

இனி நடவு வயலுக்குப் போவோம். வழக்கமான நடவில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாக ஏக்கர் கணக்கில் கூலி பேசி இறங்குவார்கள். முடிச்சை அவிழ்த்து நாலைந்து நாற்றைச் சேர்த்துப் பிடித்து, பேச்சும் பாட்டுமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும் அந்தக் கைகளின் வேகம்தான் அவர்களின் வருமானம். அந்தக் கையில் மென்மையான ஒற்றை இளநாற்றைக் கொடுத்து, வேரில் ஒட்டிய மண் உதிராமல், மார்க்கர் உருளை போட்ட கோடுகள் சந்திக்கும் இடத்தில் மட்டும், ஆழமாகப் போகாமல் மேலாக வை என்றால் முதல் நாளே வேகம் பாதியாகக் குறையும். கூலியோ ஏக்கருக்குத்தான். பழகிய பிறகு நிலைமை தலைகீழாகும்: நாற்றின் எண்ணிக்கை குறைவு என்பதால் குறைந்த ஆள்களே போதும் என்றாகிவிடும். முதலில் வேகம் குறைந்து கூலி இழப்பு, பிறகு ஆள் குறைந்து வேலை இழப்பு. கைக்களை எடுப்பதும் பெண்களின் வேலைதான். அந்த இடத்துக்கு வந்த கோனோவீடரைச் சேற்றில் தள்ளுவது கனமான வேலை என்று சொல்லிப் பல இடங்களில் ஆண்களுக்கு, கூடுதல் கூலிக்குக் கொடுத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ‘நடவுப் பெண்கள் ஒத்துழைக்கவில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கைகளில் எழுதப்பட்டதைப் படிக்கும்போது, யாருக்கு விழிப்புணர்வு இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

தண்ணீர்ப் பக்கத்திலும் இதே கதைதான். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் வயலைக் காயவிடலாம். வேண்டும்போது மோட்டாரைப் போட்டுக்கொள்வார். முறைப்பாசனத்தில் தன் முறை வரும்வரை காத்திருக்கும் கடைமடை விவசாயி வயலைக் காயவிட்டால், அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்பதற்கு அவரிடம் எந்த உறுதியும் கிடையாது. வந்த தண்ணீரைத் தேக்கி வைப்பது அவருக்குக் காப்பீடு. இருவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே கையேடு, ஒரே செயல்விளக்கத் திடல். முதலாமவர் ‘முன்னோடி விவசாயி’ ஆனார். இரண்டாமவர் ‘பழமைவாதி’ ஆனார். படிப்பும் வருமானமும் ஏற்புக்குக் காரணம் என்று புள்ளிவிவரம் காட்டும்போது, கிணறு இருப்பவருக்குத்தான் பெரும்பாலும் படிப்பும் வருமானமும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முறை பிறந்த மடகாஸ்கரிலேயே, கற்றுக்கொண்டு செய்து பார்த்தவர்களில் கணிசமானோர் பின்னர் அதைக் கைவிட்டார்கள். அங்கு ஆய்வு செய்த பொருளியலாளர்கள் சொன்ன காரணம் மனத்தைத் தொடுவது. நடவுக் காலம் என்பது ஏழைக் குடும்பத்தில் சென்ற ஆண்டு நெல் தீர்ந்துபோயிருக்கும் காலம். அன்றைய சோற்றுக்கு அன்றைக்கே அடுத்தவர் வயலில் கூலிக்குப் போயாக வேண்டும். தன் வயலில் கூடுதல் நாள்கள் உழைத்தால் நாலு மாதம் கழித்துக் கூடுதல் நெல் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த நாலு மாதத்தைத் தாண்டுவதற்கு வழி இல்லை.

தமிழ்நாட்டில் நடந்தது முழு ஏற்புமல்ல, முழு மறுப்புமல்ல. பலர் வரிசை நடவை எடுத்துக்கொண்டார்கள், குத்துக்கு நாற்றின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், விதையளவைக் குறைத்தார்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் தங்கள் வாய்க்காலுக்கு ஒத்துவந்தால் செய்தார்கள். கோனோவீடரை ஓரமாக வைத்தார்கள். எதில் ஆபத்துக் குறைவோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். ‘ஏற்றீர்களா, இல்லையா’ என்று இரண்டே கட்டங்கள் போட்ட வினாத்தாளில் இந்த அறிவு எங்கும் பதிவாகாது.

மறுப்பவர் பல நேரங்களில் சரியாகக் கணக்கிட்டுத்தான் மறுக்கிறார் என்பதற்கு உகாண்டாவிலிருந்து ஒரு சான்று உண்டு. ஆப்பிரிக்க விவசாயிகள் உரமும் வீரிய விதையும் ஏன் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு அறியாமை, கடன் வசதியின்மை, பழக்கம் என்று ஆண்டாண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உகாண்டாவின் கடைத்தெருவில் உண்மையில் விற்கும் உரத்தையும் மக்காச்சோள விதையையும் வாங்கிச் சோதித்தார்கள். உரத்தில் இருக்க வேண்டிய தழைச்சத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இல்லை; வீரிய விதை என்று விற்றதில் அசல் விதை பாதியளவுதான் இருந்தது. அந்தத் தரத்தில் வாங்கிப் போட்டால் போட்ட காசு திரும்புவதே ஐயம் என்பதும் கணக்கில் தெரிந்தது. ஆராய்ச்சி நிலையத்து உரம் நல்ல உரம்தான். விவசாயி வாங்குவது ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இல்லையே. நம் பக்கத்தில் பருத்தி விதையில் ஏமாந்தவர்களிடம் பேசினால் இதை விளக்கவே வேண்டியதில்லை.

விலையைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும், ஏனெனில் இலவசமாகக் கொடுத்தால் மக்கள் மதிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகளுக்கு மருந்தூட்டிய கொசுவலையைச் சில மருத்துவமனைகளில் இலவசமாகவும் சிலவற்றில் சிறு விலைக்கும் கொடுத்து பொருளியலாளர்கள் ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் டூபாஸ் இருவரும் ஆராய்ந்தார்கள். 2010-இல் முடிவு வெளிவந்தது. விலை 60 அமெரிக்க சென்ட்டுக்கு உயர்ந்தபோதே வலையை எடுத்துக்கொள்வோர் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தார்கள். ஆனால் இலவசமாகப் பெற்றவர்கள் காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைக் கட்டித் தூங்கினார்கள். டூபாஸின் பிந்தைய ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது: முதல் வலையைப் பெரும் மானியத்தில் பெற்றவர்கள், அடுத்த ஆண்டு காசு கொடுத்து வாங்கவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்வந்தார்கள். கைக்கு வந்து, பழகிப் பார்த்து, பயன் தெரிந்த பிறகு காசு கொடுப்பதில் தயக்கமில்லை. தெரியாத பொருளுக்கு முதலில் காசு கொடு என்பதுதான் தடை.

மற்றொரு செய்தி, பணம் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம் என்பது. அதே மேற்குக் கென்யாவில், அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் நாள்களில் வீட்டுக்கே வந்து, அடுத்த பருவத்து உரத்துக்கு இப்போதே பணம் கட்டிவிடுங்கள், கொண்டுவந்து தருவதற்குக் கட்டணமில்லை என்று சொன்னபோது, பின்னால் உரம் போடும் நேரத்தில் பாதி விலை மானியம் கொடுத்ததற்கு இணையான பலன் கிடைத்தது. அறுவடைக் காசு பொங்கலையும் கடன்காரரையும் தாண்டி ஆடி வரை நிற்காது என்பது நம் வீடுகளிலும் தெரிந்ததுதான்.

அடுப்புக் கதையில் இலவசம் மட்டும் போதாது என்பதும் தெரிகிறது. புகை குறைந்த மேம்பட்ட அடுப்புகளை இந்திய அரசு 1980-களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 3 கோடிக்கும் மேல் கொடுத்தது. பின்னர் ஒடிசாவில் ஒரு தொண்டு நிறுவனம் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைக் கட்டித் தந்ததை, சுமார் 2,600 குடும்பங்களில், எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் மூவர் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர் இழுக்கும் புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பலன் இல்லாமலே போயிற்று. புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் ஏறிச் சுத்தம் செய்வது, விரிசல் விட்டால் யார் பூசுவது? கட்டிக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். ஆண்களுக்கு அது தங்கள் வேலையாகப் படவில்லை. பெண்களுக்குப் பழைய அடுப்பு பக்கத்திலேயே இருந்தது. வங்காளதேசத்தில் நடந்த மற்றோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. இலவசம் என்றபோது உடல்நலத்துக்கு நல்ல அடுப்பை ஆண்களைவிடப் பெண்கள் விரும்பி எடுத்தார்கள். சிறு விலை வைத்தவுடன் அந்த வேறுபாடு மறைந்தது. புகை குடிப்பவர் ஒருவர், காசுப்பை வேறொருவரிடம்.

சமையல் எரிவாயுவும் இதிலிருந்து விலகியதல்ல. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுக்கப்பட்டன. இது சிறிய சாதனையல்ல. ஆனால் அந்த ஆண்டு தணிக்கை அறிக்கை, பயனாளிகள் சராசரியாக ஆண்டுக்கு 4 சிலிண்டருக்கும் குறைவாகவே வாங்குகிறார்கள் என்று காட்டியது. 14.2 கிலோ சிலிண்டருக்கு ஒரே நாளில் மொத்தப் பணமும் எடுத்து வைக்க வேண்டும். விறகுக்கோ காசு வேண்டியதில்லை. வேண்டியது வீட்டுப் பெண்ணின் ஒரு காலைப்பொழுது, அதற்குத்தான் யாரும் விலை போடுவதில்லையே. எனவே கேஸ் அடுப்பு காலைக் காபிக்கும் திடீர் விருந்தாளிக்கும் மழைநாளுக்கும் என்றாகி, சோறும் வெந்நீரும் விறகிலேயே தொடர்ந்தன.

பண்பாடு ஒரு தடை என்று எழுதுவது எளிது; அதைப் பலர் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரு நாட்டில் லாஸ் மோலினோஸ் என்ற சிற்றூரில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். 200 குடும்பங்களில் 11 குடும்பங்களைத்தான் அவரால் மாற்ற முடிந்தது. அந்த ஊரில் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரிப்பார்கள். காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. நண்டு சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி என்று வளர்ந்த நமக்கு இது விளங்காத செய்தியல்ல. ஆனால் அங்கும் விறகு சேர்த்துத் தண்ணீர் காய்ச்சக் கூடுதலாக உழைக்க வேண்டியவள் பெண். காய்ச்சிக் குடித்தால் ‘அந்த வீட்டில் என்ன நோய்’ என்ற பேச்சையும் அவள்தான் கேட்க வேண்டும். நட்டம் காசாக மட்டும் வருவதில்லை.

பழக்கத்தோடு ஒத்துப்போகும் கருவி எவ்வளவு எளிதாக வீட்டுக்குள் நுழைகிறது என்பதற்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் ஒன்று போதும். 1950-களில் அங்கே அதை உருவாக்கியவர்கள் ஆட்டுக்கல்லைத் தூக்கி எறியவில்லை. கல்லை அப்படியே வைத்து, கையை மட்டும் எடுத்துவிட்டு மோட்டாரைப் போட்டார்கள். மாவு சூடேறாமல், பொங்கும் தன்மை மாறாமல், இட்லியின் மென்மை கெடாமல் இருந்தது. முதலில் ஓட்டல்களுக்குப் போயிற்று, அங்கே தின்று பார்த்து நம்பியவர்கள் வீட்டுக்கு வாங்கினார்கள். 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது அந்தக் கிரைண்டருக்கு விளம்பரமோ விழிப்புணர்வு முகாமோ தேவைப்படவில்லை. மக்கள் ஏற்கெனவே ஆசைப்பட்டுக்கொண்டிருந்த பொருள் அது.

நெல் ரகங்களிலும் இதைக் காணலாம். 1966-இல் வெளிவந்த ஐஆர் 8 விளைச்சலில் அதிசயம் காட்டியது. ஆனால் சோறு ஆறினால் விறைத்தது, அரிசி தடித்தது, குட்டைப் பயிர் என்பதால் மாட்டுக்கு வைக்கோலும் குறைந்தது. பின்னர் வந்த ஐஆர் 20-இன் அரிசி சன்னமாக இருந்ததால் தமிழ்நாட்டில் பெரும்பரப்பைப் பிடித்தது. வைக்கோலை எடை போடாமல் விளைச்சலை மட்டும் எடை போட்ட அறிவியலாளர்களுக்கு அப்போது மாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலும்.

இவ்வளவும் தடைகளைப் பற்றிச் சொன்னேன். தடையே இல்லாதது போல் ஒரு தொழில்நுட்பம் பரவிய இடத்தில் நட்டக் கணக்கு எப்படி இருந்தது என்பதைக் கென்யாவின் கைப்பேசிப் பணச் சேவையான எம்-பெசாவில் பார்க்கலாம். ‘பெசா’ என்றால் சுவாஹிலி மொழியில் பணம். 2005-இல் சோதனை தொடங்கியபோது குறுங்கடன் தவணையைக் கைப்பேசி வழியே கட்டுவதற்காகத்தான் அது வடிவமைக்கப்பட்டது. சோதனையில் சேர்ந்தவர்கள் அதை வேறு வேலைகளுக்குத் திருப்பிக்கொண்டார்கள்: ஊரில் இருக்கும் உறவினருக்குப் பணம் அனுப்பினார்கள், பயணம் கிளம்பும் முன் கையிலிருந்த ரொக்கத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். சேவையை நடத்திய சஃபாரிகாம் நிறுவனத்தின் புத்திசாலித்தனம், மக்களைத் திருத்த முனையாமல் தன் திட்டத்தைத் திருத்திக்கொண்டதுதான். 2007 மார்ச்சில் ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்ற ஒற்றை வரியோடு சேவை நாடு முழுவதும் தொடங்கியது. ஓராண்டுக்குள் சுமார் 20 லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

அதற்கு முன் நைரோபியில் வேலை பார்க்கும் மகன் ஊரில் உள்ள தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், பேருந்து ஓட்டுநரிடமோ ஊருக்குப் போகும் தெரிந்தவரிடமோ உறையில் போட்டுக் கொடுப்பான். வழியில் தொலையலாம், திருடு போகலாம், கொண்டு போனவரே கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய வழியின் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. புதிய வழியின் ஆபத்து அதைவிடக் குறைவாக இருந்தால் போதுமானது. இணையம் வேண்டாம், சாதாரணக் கைப்பேசியின் சிம் அட்டையிலேயே பட்டியல் இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டதும் கொடுத்ததும், ரீசார்ஜ் அட்டை விற்றுக்கொண்டிருந்த அதே தெருக்கடைக்காரர். அவர் ஒரு பேரேட்டில் பெயரும் அடையாள எண்ணும் எழுதிக் கையெழுத்து வாங்குவார். அந்த நொடியிலேயே கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். செய்தி வந்த பிறகுதான் வாடிக்கையாளர் கடையை விட்டு நகர்வார். தவறு நேர்ந்தால் போய் நிற்பதற்குத் தெரிந்த முகம் ஒன்று தெருமுனையில் இருந்தது. மக்களின் பணம் தனி அறக்கணக்காக வங்கிகளில் வைக்கப்பட்டது. மத்திய வங்கியும் குறுக்கே நிற்கவில்லை. எம்-பெசா ஏறத்தாழ 1,94,000 குடும்பங்களை வறுமையிலிருந்து மேலே தூக்கியது என்று பொருளியலாளர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-இல் மதிப்பிட்டார்கள்.

அதே பெயர், அதே நுட்பம், தென்னாப்பிரிக்காவில் 2010-இல் தொடங்கி 2016-இல் மூடப்பட்டது. அங்கே வங்கிக் கணக்கும் ஏடிஎம்மும் முன்பே பரவியிருந்தன. பேருந்து ஓட்டுநரை நம்பும் அவலம் அந்த அளவுக்கு இல்லை. இந்தியாவில் 2013-இல் வந்தபோது வங்கியல்லாத நிறுவனம் தனித்து நின்று ரொக்கம் திருப்பித் தர விதிகள் இடம் தரவில்லை. 2019-இல் அதுவும் முடிந்தது. தொழில்நுட்பம் ஒன்றேயானாலும் அது தீர்க்கும் துன்பம் ஊருக்கு ஊர் வேறு.

இந்தியாவில் வென்றது யுபிஐ. 2016 ஏப்ரலில் அறிமுகமாகி, அந்த ஆண்டு நவம்பர் 8 பணமதிப்பு நீக்கத்தால் ஒரு உந்துதல் பெற்று, 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. பெரிய காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் சுட்ட விரும்புவது சிறிய காரணம் ஒன்றை. மாலை ஆறு மணிக்கு ஒரு டீக்கடையை எண்ணிப் பாருங்கள். ஒரு கையில் பால் குவளை, மறு கையில் டீ வடிகட்டி. எதிரே ஆறு பேர், ஆளுக்கொரு கைப்பேசியை நீட்டி ‘அண்ணே, போட்டாச்சு’ என்கிறார்கள். பழைய பரிமாற்றத்தின் படத்தையே காட்டிவிட்டுப் போகிறவரும் அதில் உண்டு. ஈரக்கையைத் துடைத்துத் தன் கைப்பேசியைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. பார்க்காமல் விட்டால் நட்டம் அவருக்கு. கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்த ஒலிப்பெட்டி ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று தமிழில் உரக்கச் சொல்லத் தொடங்கியபோது அந்தச் சுமை அவர் தலையிலிருந்து இறங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பூக்காரம்மாவுக்கும் அது கேட்டது, வாடிக்கையாளருக்கும் கேட்டது, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. படிப்பைக் காரணியாக வைத்த வினாத்தாள் இந்தப் பெட்டிக்கு முன்னால் கொஞ்சம் திணறும்.

அக்கம்பக்கத்தாரின் பங்கையும் இங்கேயே சொல்லலாம். கானாவில் அன்னாசி பயிரிட்டவர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கான்லியும் உட்ரியும், ஒருவர் தன் உர அளவை மாற்றுவது தனக்குத் தெரிந்தவரின் வயலில் எதிர்பாராத விளைச்சல் கிடைத்ததைக் கண்ட பிறகே என்று காட்டினார்கள். அடுத்தவர் வயல் என்பது செலவில்லாத சோதனைக்களம். அவர் தோற்றால் நட்டம் நமக்கில்லை. அதனால்தான் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு முதல் ஆளாக யாரும் இறங்காமல் நிற்பதும் நடக்கிறது. முதல் ஆளின் நட்டத்தை ஏற்க யாராவது முன்வந்தால் அந்த முடிச்சு அவிழும். செயல்விளக்கத் திடலுக்கு அரசு கொடுக்கும் இடுபொருள்களின் உண்மையான வேலை அதுதான். ஆனால் திடலுக்குப் பத்து ஏக்கரும் கிணறும் உள்ளவரையே தேடிப் பிடித்தால், அரை ஏக்கர்க்காரர் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அவருக்கு முடியும்.

கேட்டவருக்கு வேலைக்கு உதவும்படி சில சொல்கிறேன். ஐந்து காரணிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு, கருவிக்குக் காசு கொடுத்தவர், அதை இயக்குபவர், பலன் பெறுபவர் ஆகிய மூவரையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பழுதானால் யாரிடம் போவீர்கள், அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று கேளுங்கள். இதற்கு முன் எந்தப் புதுப் பொருளில் ஏமாந்தீர்கள் என்று கேட்டால் பதில் நீளமாக வரும்; அதை வெட்டாமல் எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கப்பட்ட எண்ணிக்கையை ஏற்பு என்று எண்ணிவிடாமல், மூன்றாம் ஆண்டு திரும்பிப் போங்கள். மாட்டுக்கொட்டகையின் மூலையில் கோனோவீடர் சாத்தி வைக்கப்பட்டிருந்தால், கடைசியாக அதை எப்போது வயலில் இறக்கினார்கள், அன்றைக்குத் தள்ளியவர் யார், என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லி முடித்த பிறகு, கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் அம்மாவிடமும் தனியாக அதே கேள்வியைக் கேளுங்கள்.